வெள்ளக்கடையில் நான் குடிக்காத தண்ணீர்

இந்தியாவுக்குப் போகிறேன் என்று சொன்னதுதான் தாமதம், ஈப்போவில் எங்கள் தெரு முழுவதும் வைத்தியர்களாகிவிட்டார்கள். எதிர்வீட்டு அக்கா வயிற்றுப்போக்கு மாத்திரை கொண்டுவந்து கொடுத்தாள். கடைசி வீட்டுக்காரர் இந்தியாவைச் சினிமாவில் மட்டும் பார்த்தவர். அவர் வாசலில் நின்று அரைமணி நேரம் எச்சரித்தார். "அங்க பச்சைத் தண்ணிய வாயில வச்சிடாத. பைய விட்டுக் கைய எடுக்காத. சொந்தக்காரன்னு சொல்லிக்கிட்டு பத்துப் பேரு வருவான், ஒருத்தனையும் நம்பாத."

எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். எங்கள் தாத்தா நான் போகவிருந்த அதே சேலம் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர் என்பது அந்த நேரத்தில் எனக்கும் ஞாபகம் வரவில்லை, எச்சரித்தவருக்கும் வரவில்லை. பெட்டியில் சேலைகளுக்கு நடுவே ஒரு சின்ன மின்சாரக் கெட்டிலும், இரண்டு ஃபிளாஸ்க்கும், பாக்கெட் மீ நூடுல்ஸும் வைத்துக்கொண்டேன். போருக்குப் போகிறவன்கூட இவ்வளவு மூட்டை கட்டியிருக்க மாட்டான்.

போன காரியம் கல்யாணக் காரியம். என் தம்பி இறந்த பிறகு அவன் மகன் செல்வராஜை நான்தான் வளர்த்தேன். சேலத்தில் ஒரு கல்லூரியில் படிக்க அனுப்பினோம். படிப்போடு ஒரு பெண்ணையும் பார்த்துவைத்துக்கொண்டு திரும்பினான். பெயர் ஸ்டெல்லா. ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளியில் டீச்சர். அப்பா வெள்ளக்கடைப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டர், அதாவது கணக்கப்பிள்ளை. எங்களைப் போலவே கிறிஸ்தவக் குடும்பம். செல்வராஜுக்குப் புது வேலை, லீவு கிடைக்கவில்லை. "நீங்க போய்ப் பேசினா முடிஞ்சிடும் அத்தை. அவங்க அப்பா சரின்னு சொல்லாம அவ வரமாட்டா" என்று என்னை அனுப்பிவைத்தான்.

துணைக்கு மேய் லின் வந்தாள். அலுவலகத்தில் எனக்கு அடுத்த மேசை. சீனத்தி. இருவரும் மலாயில்தான் பேசிக்கொள்வோம். அவள் பேச்சை இங்கே தமிழில் எழுதுகிறேன். விமானத்தில் பழங்கதை பேசியபோது ஒன்று தெரிந்தது. சிறு வயதில் அவள் அழுதால் "இந்தியன் பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்று அவள் அம்மா பயமுறுத்துவாளாம். எங்கள் அம்மா எங்களை அடக்கியது சீனனின் பெயரைச் சொல்லி. "நல்லவேளை, ஒருத்தரும் பிடித்துக்கொண்டு போகவில்லை" என்று மேய் லின் சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்த மாதிரிப் பேச்செல்லாம் பழைய காலத்தோடு போய்விட்டது என்று நாங்கள் இருவரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

சேலம் பஸ் நிலையத்திலேயே முதல் சண்டை. தள்ளுவண்டியில் தட்டுவடை செட் விற்றார்கள். இரண்டு சின்னத் தட்டுவடைகளுக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து, இரண்டு நிறச் சட்னி தடவித் தருகிறார்கள். மேய் லின் ஒன்றை வாயில் போட்டுக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டினாள். "வயிறு கெட்டால் நான் பொறுப்பில்லை" என்றேன். "கெடுவது என் வயிறுதானே" என்றாள். நான் பிஸ்கட் தின்றேன்.

ஏற்காட்டு பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏற ஏற முனகியது. பாதி மலையில் ரேடியேட்டர் கொதித்து நின்றேவிட்டது. கண்டக்டர் இறங்கிச் சக்கரத்துக்குக் கல் வைத்தார். பயணிகளில் இரண்டு பேர், யாரும் சொல்லாமலே, டின்னை எடுத்துக்கொண்டு பாறைக் கசிவில் தண்ணீர் பிடிக்கப் போனார்கள். எங்கள் ஊராக இருந்தால் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கம்பெனியைத் திட்டியிருப்போம். இங்கே ஒரு சின்னத் திருவிழாவே நடந்தது. எங்களைச் சுற்றித்தான்.

"ஏனுங்க, அந்தம்மா சப்பான்காரிங்களா?" என்று ஆரஞ்சுக் கூடைக்காரப் பெண் என்னைக் கேட்டார்.

"மலேசியாவுங்க. சீனவங்க."

"சீனாக்காரிங்களா? பாம்பெல்லாம் திம்பாங்கன்னு சொல்றாங்களே, நெசந்தானுங்களா?"

அவர் என்ன கேட்கிறார் என்று மேய் லின் கேட்டாள். உன் பல்வரிசை அழகாயிருக்கிறதாம் என்றேன். மேய் லின் கூடைக்காரிக்கு ஒரு கும்பிடு போட்டாள். அவருக்கு ஒரே பூரிப்பு. இரண்டு ஆரஞ்சை அவள் மடியில் போட்டார். காசு வாங்கவில்லை.

அடுத்து என் முறை. மலேசியாவில் எல்லோருக்கும் கார் உண்டா, ரப்பர் மரம் சொந்தமா என்று கேட்டார்கள். எங்கள் அம்மா அடுத்தவன் தோட்டத்தில் மரம் சீவியவள், நான் கூலிகளின் வரிசை வீட்டில், லயத்தில் பிறந்தவள். அதைச் சொல்லியிருக்கலாம். "எல்லாம் வசதியாத்தான் இருக்கோம்" என்றேன். பெரிய பணக்காரியைப் பார்ப்பது போல அவர்கள் என்னைப் பார்த்தது எனக்குப் பிடித்திருந்தது. எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் பிடித்திருந்தது உண்மை.

லாட்ஜ் மானேஜர் சேலத்துக்காரர். சாவியைக் கொடுக்கும் முன்பே ஒவ்வொரு ஊர்க்காரரையும் ஒரு சுற்றுக் குறை சொல்லிமுடித்துவிட்டார். வடக்கத்தித் தேனிலவு ஜோடிகள் டீக்குச் சர்க்கரை கேட்டே ஆளைக் கொன்றுவிடுவார்களாம். கேரளாக்காரர்கள் ரூமிலேயே சமைத்துவிடுவார்களாம். மெட்ராஸ்காரர்கள் துண்டை எடுத்துக்கொண்டு போய்விடுவார்களாம். "மலேசியாக்காரங்க எப்படி?" என்று கேட்டேன். "நொம்ப நல்லவங்கம்மா" என்றவர், குரலைத் தாழ்த்தி, "விக்கறதுக்கு டேப் ரெக்கார்டர் ஏதாச்சும் கொண்டாந்திருக்கீங்களா?" என்றார்.

இரவு கெட்டிலில் தண்ணீர் காய்ச்சி இரண்டு ஃபிளாஸ்க்கிலும் நிரப்பினேன். அந்த ஊர் குளிருக்கு அது இதமாகவும் இருந்தது.

மறுநாள் எஸ்டேட் டிரைவர் ராசு ஜீப் கொண்டுவந்தார். கிறிஸ்துமஸ் மாதம். வழியெல்லாம் வீடுகளில் காகித நட்சத்திரங்கள் தொங்கின. காப்பிச் செடிகளில் சிவப்பாகப் பழம் பழுத்திருந்தது. மழையில் அரித்த மண்பாதை. ஜீப் தூக்கித் தூக்கிப் போட்டதில் மேய் லினுக்கு ஒரே சிரிப்பு, எனக்கு இடுப்பு வலி.

ரைட்டர் வீட்டுக்கு எஸ்டேட் பங்களாவின் வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும். "மொதலாளியம்மா உங்களப் பாக்கோணும்னு சொன்னாங்க. எறங்கி ஒரு வார்த்த பேசீட்டுப் போயிரலாமுங்க" என்றார் ராசு. இறங்கினோம். அகலமான வராந்தா, பிரம்பு நாற்காலிகள், தொட்டியில் ரோஜா, தரையில் இரண்டு நாய்கள். முதலாளியம்மா தும்பைப்பூப்போல வெள்ளையாக ஒரு சேலை கட்டியிருந்தார். சிங்கப்பூரில் துணி என்ன விலை என்று விசாரித்தார். ஆயா ஒரு தட்டில் கண்ணாடி டம்ளர்களில் தண்ணீர் கொண்டுவந்தார். ஜீப்பில் தொண்டை காய்ந்துபோயிருந்தது. எடுத்து ஒரே மூச்சில் குடித்தேன். பின்னால் காப்பி வந்தது, அதையும் குடித்தேன்.

படிக்குக் கீழே, குல்லாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஒருவர் நின்றிருந்தார். காவல்காரர் என்று நினைத்தேன். புறப்படும்போதுதான் முதலாளியம்மா சொன்னார்: "நம்ம ரைட்டர். உங்களக் கூட்டிட்டுப் போக வந்திருக்காரு."

நான் பதறிப்போய்க் கும்பிட்டேன். ரைட்டரும் கும்பிட்டார். "வாங்கம்மிணி, ஊடு பக்கந்தானுங்க. நடந்தே போயிரலாம்" என்றார்.

ஓட்டு வீடு. இரண்டு அறை. சுவரில் இயேசு படமும், அதற்குக் கீழே சின்னச் சிவப்பு பல்பும். வாசல் பெருக்கித் தெளித்திருந்தது. புதுத் துணி போட்ட நாற்காலியில் உட்காரவைத்தார்கள். கொண்டுபோன தட்டை முக்காலியில் வைத்தேன். பட்டுச்சேலை, பழம், சாக்லேட், வெற்றிலை பாக்கு. பெண் கேட்டு வருகிறவர்கள் வைக்கும் தட்டு. பெண் வீட்டார் அதை எடுத்து உள்ளே கொண்டுபோனால் சம்மதம் என்று பொருள்.

ஸ்டெல்லாவின் அம்மா எவர்சில்வர் சொம்பும் டம்ளர்களுமாக வந்தார். டம்ளர்களைக் கழுவிய ஈரம் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது. முதல் டம்ளரை என்னிடம் நீட்டினார்.

எனக்குக் கடைசி வீட்டுக்காரரின் முகம் ஞாபகம் வந்தது. "வேணாங்க, எங்கிட்ட இருக்கு" என்று சொல்லி, பையிலிருந்து ஃபிளாஸ்க்கை எடுத்து, மூடியில் ஊற்றி, அவர் முன்னாலேயே குடித்தேன். மிக மரியாதையாகத்தான் சொன்னேன். அவர் நீட்டிய கையில் டம்ளர் அப்படியே சிறிது நேரம் நின்றது. மேய் லின் எட்டி அதை வாங்கிக் குடித்துவிட்டு, இன்னும் கொஞ்சம் என்று கையால் காட்டினாள்.

"காப்பியாச்சும் கொஞ்சம் போடட்டுங்களா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இப்பத்தான் பங்களாவுல குடிச்சோம்."

அதன் பிறகு பேச்சு நன்றாகவே நடந்தது என்றுதான் நினைத்தேன். செல்வராஜின் வேலை, சம்பளம், வீடு எல்லாம் சொன்னேன். ரைட்டர் கேட்டுக்கொண்டார், குறுக்கே ஒன்றும் கேட்கவில்லை. ஸ்டெல்லா கதவோரம் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேய் லின் முறுக்கைத் தின்றுதீர்த்தாள். கிளம்பும்போது, "யோசிச்சுச் சொல்லி அனுப்பறோமுங்க" என்றார் ரைட்டர். தட்டு முக்காலி மேலேயே இருந்தது. எங்கள் எதிரில் உள்ளே எடுத்துப் போகக் கூச்சப்படுகிறார்கள் என்று நானே அர்த்தம் செய்துகொண்டேன்.

ஜீப்பில் திரும்பும்போது எனக்கு ஒரே சந்தோஷம். "பார்த்தாயா, எவ்வளவு எளிதாக முடித்துவிட்டேன்" என்றேன். மேய் லின் காப்பிச் செடிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். களைப்பு என்று நினைத்தேன்.

அதற்கு அடுத்த நாள் காரியம் முடிந்த நிம்மதியில் ஊர் சுற்றினோம். ஏரிக்கரையில் மிளகாய் பஜ்ஜி. படகுக்காரர் மேய் லினை நேபாளக்காரி என்று முடிவுகட்டி அவளிடம் இந்தியில் பேசினார். அவள் மலாயில் பதில் சொன்னாள். இருவருக்கும் ஒரு குறையும் இல்லை. சேர்வராயன் கோயில் ஒரு குகை. குனிந்துதான் போகவேண்டும். நான் கிறிஸ்தவச்சி, அவள் புத்தமதத்துக்காரி. பூசாரி இருவரையும் பார்த்து, "தலைய மட்டும் பாத்துக்குங்க" என்றார், வேறெதுவும் கேட்கவில்லை. கரடியூர் காட்சிமுனையில் மேகம் மறைத்துவிட்டதால் பள்ளத்தாக்கு தெரியவில்லை. வந்ததற்கு மேகத்தையாவது பார்த்தோம்.

லாட்ஜுக்குத் திரும்பினால் மானேஜரின் மேசை மேல் என் தட்டு இருந்தது. சேலை மடிப்புக் கலையவில்லை. சாக்லேட் உறை பிரிக்கவில்லை. பழம்கூட நான் அடுக்கிய வரிசையில்.

"ராசு கொண்டாந்து குடுத்தாப்லம்மா. ஒத்துவராதுங்க, மன்னிச்சுக்கோணும்னு ரைட்டர் சொல்லச் சொன்னாராம்" என்றார் மானேஜர்.

எனக்குக் கோபம் வந்தது. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மேய் லினிடம் கத்தினேன். "இந்த ஊர்க்காரர்கள் இப்படித்தான். மலேசியா மாப்பிள்ளை என்றதும் இன்னும் பெரிய தட்டாக எதிர்பார்க்கிறார்கள். தங்கம் வைத்திருந்தால் எடுத்திருப்பார்கள்." நான் எங்கள் தெருக்காரர்களின் பேச்சை ஒரு எழுத்துப் பிசகாமல் பேசிக்கொண்டிருந்தேன். மேய் லின் கட்டிலில் உட்கார்ந்து என்னைப் பார்த்தாள். "நீ அந்தத் தண்ணீரைக் குடித்திருக்கலாம்" என்றாள்.

"தண்ணீருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?"

"எனக்குத் தெரியாது. ஆனால் அந்த அம்மாவின் முகத்தை நான் பார்த்தேன்."

சாயங்காலம் பள்ளி விட்டதும் ஸ்டெல்லா நேராக லாட்ஜுக்கு வந்துவிட்டாள். தோளில் பை, விரலில் சாக்பீஸ் தூள். வெளியே இருந்த சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்தோம். அவள் கண் சிவந்திருந்தது. குரல் மட்டும் வகுப்பில் பாடம் நடத்துகிறவளின் குரலாக நிதானமாக இருந்தது.

"அத்தை, அவரு கூப்புடற மாதிரியே கூப்புடறேனுங்க. கோவிச்சுக்காதீங்க. ஒண்ணு கேக்கோணும். எங்கூட்டுத் தண்ணிய ஏனுங்க குடிக்கல?"

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தமிழ் ஊரில் ஒரு வீட்டுக்குள் நுழைந்து அந்த வீட்டுத் தண்ணீரை வேண்டாம் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான். அது எனக்குத் தெரியாததல்ல. எங்கள் ரப்பர் தோட்டத்தில் கிராணி, அதாவது குமாஸ்தா வீட்டுக்கு வேலைக்குப் போகும் அம்மாவுக்குப் பின்கட்டில் ஒரு பால் டின் இருந்தது. வீட்டு டம்ளரில் தண்ணீர் தரமாட்டார்கள். அந்த டின்னில் ஊற்றுவார்கள். அம்மா குடித்துவிட்டு அதைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வருவாள். அந்த அம்மாவின் மகள்தான் நான்.

"ஐயோ, சாதி கீதி ஒண்ணும் இல்லம்மா. எங்களுக்கு அதெல்லாம் கெடையாது. காய்ச்சாத தண்ணி, வயித்துக்கு ஒத்துக்காதுன்னுதான்…"

"பங்களாத் தண்ணியும் காய்ச்சாததுதானுங்க" என்றாள் ஸ்டெல்லா. "ரெண்டு ஊட்டுக்கும் ஒரே ஊத்துத் தண்ணிதான் வருது. நீங்க அங்க குடிச்சத அப்பா பாத்துட்டுத்தான் நின்னாரு."

வயிற்றுக்குத்தான் பயந்தேன் என்று அந்த நிமிடம் வரை நானே நம்பியிருந்தேன். அப்படியானால் பங்களாவில் ஏன் பயம் வரவில்லை? கண்ணாடி டம்ளர் என்பதாலா, ரோஜாத் தொட்டியாலா, வெள்ளைச் சேலையாலா? நாய் படுத்திருந்த வராந்தாவில் சந்தேகமில்லாமல் குடித்தவள், கழுவித் தெளித்த வீட்டில் ஃபிளாஸ்க்கைத் திறந்திருக்கிறேன். சாதி பார்க்கவில்லை என்று சத்தியம் செய்யலாம். ஆனால் நான் பார்த்தது அதைவிட நல்லதல்ல.

"அப்பா கோவப்படலீங்க" என்று ஸ்டெல்லா தொடர்ந்தாள். "மலைக்குக் கீழ ஊருல எங்க தாத்தாவுக்குச் சர்ச்சுலயே சாதி பாத்துத் தனி எடமாம். அது வேண்டாம்னுதான் மலைக்கு வந்தாரு. அதனால அப்பா ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாருங்க. ‘பங்களாத் தண்ணி எறங்குச்சு, நம்மூட்டுத் தண்ணி எறங்கல. அங்க போயி எம்புள்ள எந்த டம்ளர்ல குடிக்கும்?’ எனக்குப் பதில் தெரியலீங்க. மலேசியாவுல இருக்கற அவருகிட்ட கேட்டா தெரியாதும்பாரு. அதான் உங்ககிட்ட வந்தேன்."

"எங்க வீட்டுல ஒரே டம்ளர்தாம்மா."

"அப்பாவோட சம்மதம் இல்லாம நான் வரமாட்டேனுங்க. நான் போயி என்ன சொல்லட்டும்?"

"வயித்துக்குப் பயந்தேன்னு சொல்லு." அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அது பாதிதான் உண்மை என்பது அவளுக்கும் தெரிந்திருந்தது. "மீதிய நானே காலையில வந்து சொல்றேன்."

அவள் போன பிறகு நடந்ததை மேய் லினிடம் சொன்னேன். சாதியைப் பற்றி மலாயில் விளக்குவது கஷ்டமாக இருக்கும் என்று நினைத்தேன். அவள் உடனே புரிந்துகொண்டாள். "நீ என் வீட்டிலும் தண்ணீர் குடித்ததில்லை" என்றாள். "எத்தனையோ சீனப் புத்தாண்டுக்கு வந்திருக்கிறாய். எப்போதும் பாட்டில் பானம்தான் கேட்பாய். அதுவும் நீயே மூடியைத் திறப்பாய்."

"அப்படியா செய்தேன்?"

"உனக்குப் பாட்டில் பானம்தான் பிடிக்கும் என்று அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு வருஷமும் உனக்காகத் தனியாக வாங்கிவைக்கிறாள்."

அவள் அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். நான் கெட்டிலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சீனர் வீட்டு அடுப்பில் என்ன வெந்திருக்குமோ, எந்தச் சட்டியில் எதைச் சமைத்தார்களோ என்ற அருவருப்பு எனக்கு உண்டு. அதை நான் யாரிடமும் சொன்னதில்லை, என்னிடமே சொல்லிக்கொண்டதும் இல்லை. கை மட்டும் தானாகப் பாட்டிலைத் தேடியிருக்கிறது. அன்றைக்கு எனக்கு வந்த அவமானம் போல அதற்கு முன்பு வந்ததில்லை. அறையை விட்டு எங்காவது ஓடிவிடலாமா என்றிருந்தது. ஓடினாலும் துணைக்கு அதே ஆள்தானே வரும்.

காலையில் ஃபிளாஸ்க்கை லாட்ஜிலேயே வைத்துவிட்டேன். தட்டை மட்டும் மடியில் வைத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினேன். என்ன செய்யவேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தேன். உள்ளே நுழைந்ததும் நானே தண்ணீர் கேட்பேன். அவர்கள் குடத்திலிருந்து மொண்டு தருவதை, எல்லோரும் குடிப்பதை, எல்லோர் முன்னிலும் கடைசிச் சொட்டு வரை குடிப்பேன். வயிறு கெட்டால் கெடட்டும். ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீரால் செல்வராஜின் வாழ்க்கையைச் சரிசெய்துவிடலாம் என்று அந்த மண்பாதையில் எனக்கு முழு நம்பிக்கை இருந்தது. பங்களா வாசலில் முதலாளியம்மா கையசைத்தார். ராசு ஜீப்பை மெதுவாக்கினார். "நிறுத்தாதீங்க" என்றேன்.

ரைட்டர் வாசலிலேயே நின்றிருந்தார். முகத்தில் கோபமும் இல்லை, சிரிப்பும் இல்லை. "வாங்கம்மிணி, உக்காருங்க. பலகாரம் சாப்புடலாம்" என்றார். தட்டை அதே முக்காலியில் வைத்தேன். உட்காராமலே பேசிவிடலாம் என்று நினைத்தேன்.

"அய்யா, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. சாதின்னு நெனச்சு செய்யலைங்க. ஆனா பங்களாவுல குடிச்சவ இங்க குடிக்கல. அது என்னன்னு எனக்கே சொல்லத் தெரியல. நானும் தோட்டத்து லயத்துல பொறந்தவதான். எங்க அம்மாவுக்கும் தனி டின்னுதான் வச்சிருந்தாங்க. அப்படிப்பட்டவ இப்படிச் செஞ்சிருக்கேன். செல்வராஜுக்கு இதுல ஒரு சம்பந்தமும் இல்ல."

ரைட்டர் கீழே பார்த்துக்கொண்டு நின்றார். "இதெல்லாம் எதுக்குங்க" என்று மெதுவாகச் சொன்னார். "மொதல்ல உக்காருங்க."

"குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடுங்க" என்றேன்.

ரைட்டர் உள்ளே பார்த்து, "தண்ணி கொண்டா" என்றார். உள்ளே காத்துக்கொண்டிருந்த மாதிரி ஸ்டெல்லாவின் அம்மா உடனே வந்தார். ஒரு கையில் அன்றைய அதே சொம்பு. மேய் லினுக்கு ஒரு டம்ளர் ஊற்றினார், கணவருக்கு ஒன்று, மகளுக்கு ஒன்று. பிறகு இன்னொரு கையிலிருந்ததை என்னிடம் நீட்டினார். மூடிபோட்ட டம்ளர். சூட்டுக்காகச் சேலைத் தலைப்பைச் சுற்றிப் பிடித்திருந்தார். மூடியைத் தூக்கியதும் ஆவி வந்தது.

"ராத்திரியே காய்ச்சி, இப்ப மறுக்காவும் நல்லாக் கொதிக்க வெச்சுத்தானுங்க கொண்டாந்திருக்கேன்" என்றார் அந்த அம்மா. "புள்ள சொல்லுச்சு, உங்களுக்கு வயித்துக்கு ஒத்துக்காதுன்னு. பயப்படாமக் குடிங்க."

அதில் குத்தல் இருந்ததா என்று அந்த முகத்தில் தேடினேன். இல்லை. எனக்கும் சொம்புத் தண்ணீரே கொடுங்கள் என்று கேட்டால் இதையும் வேண்டாம் என்று சொன்னதாகிவிடும்.

மேய் லின் தன் டம்ளரைக் காலி செய்துவிட்டு என் கையைப் பார்த்தாள். "எல்லோருக்கும் ஒரே சொம்பு. உனக்கு மட்டும் ஏன் தனியாக?" என்று மலாயில் கேட்டாள்.

ரைட்டரும் அவர் மனைவியும் ஸ்டெல்லாவும் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆறட்டும் என்று ஒரு நிமிடம் கீழே வைக்கக்கூட எனக்குத் தைரியம் இல்லை. வைத்தால் அதற்கும் ஒரு அர்த்தம் வந்துவிடுமே. கொதிக்கக் கொதிக்க எடுத்துக் குடித்தேன். உதடு, நாக்கு, தொண்டை எல்லாம் எரிந்துகொண்டே இறங்கியது. கண்ணில் நீர் முட்டியது. பாதியில் நிறுத்தவில்லை. காலி டம்ளரை அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன்.

அவர் அதை வாங்கிச் சொம்பின் பக்கத்தில் வைத்துவிட்டு, கணவரைப் பார்த்தார். ரைட்டர் தலையை லேசாக அசைத்தார். அந்த அம்மா முக்காலியிலிருந்த தட்டை இரண்டு கையாலும் எடுத்துக்கொண்டு உள்ளே போனார். ஸ்டெல்லா முகத்தைப் பொத்திக்கொண்டாள்.

"இனி நீங்க எங்க சம்பந்தியம்மா" என்றார் ரைட்டர்.

நன்றி சொல்ல வாயைத் திறந்தேன். நாக்கு வெந்துபோயிருந்தது. ஒரு வார்த்தையும் வரவில்லை.